கணவாயில் கூப்பிட்ட பெயர்

மௌரா வந்தபோது நான் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் மலைக்குக் கொண்டுபோக வேண்டிய கிழங்கு. மேற்குச் சுவரில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. ராக்காபாம்பாவில் எங்களுடையதுதான் கடைசி வீடு. அதற்கப்பால் சாலை கிடையாது, கழுதைத் தடம்தான். யானக்கொச்சா ஏரியைப் பார்க்க தலைநகரம் லிமாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிற ஆட்கள் எங்கள் வாசலில்தான் வேனிலிருந்து இறங்குவார்கள். என் புருஷன் அபென்சியோ அவர்களைக் கூட்டிக்கொண்டு விடிவதற்கு முன் ஏறுவான், பொழுது சாய இறங்கிவிடுவான். நான் கட்டுச்சாப்பாடு கட்டித் தருவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் எங்கள் பிழைப்பு.

இந்தத் தடவை வேனில் யாரும் வரவில்லை. நானும் அவனும் மட்டும் போகிறோம்.

மௌரா அபென்சியோவின் தங்கை. மே மாதம் அவள் புருஷன் எல்மெர் மலையில் செத்ததிலிருந்து அவள் பாவாடை இடுப்பில் நிற்பதில்லை, கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறாள். அன்றைக்கு அவள் கையில் மகள் யோமிராவின் கம்பளித் தொப்பி இருந்தது. காது மூடுகிற சிவப்புத் தொப்பி.

"துவைக்கலை அண்ணி. துவைக்கக் கூடாதுன்னு எர்லிந்தா சொல்லிச்சு. பிள்ளையோட வேர்வை அதுல இருக்கணுமாம்."

"அப்படியே குடு. பிள்ளை எப்படி இருக்கா?"

"அப்படியேதான். காலையில ஒரு கரண்டி சூப்பு. அதையும் துப்பிட்டா."

யோமிராவுக்கு ஆறு வயது. வாய் ஓயாத பிள்ளை. என்னைப் பார்த்தால் 'அத்தை, நீ ஏன் எப்பவும் கோவமாவே இருக்கே' என்று கேட்கும். இப்போது பாதிக் கண் திறந்தபடி படுத்தே கிடக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. சுகாதார நிலையத்தில் சத்து மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அந்த நர்ஸ் நல்லவள்தான், அவளால் முடிந்ததைச் செய்தாள். கடைசியில் எர்லிந்தாவிடம் கொண்டுபோனோம். எர்லிந்தா கீழ்த்தெருவில் கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்கிற கடை வைத்திருக்கிறாள், இந்த மாதிரி வைத்தியமும் பார்ப்பாள். ஒரு கினிப்பன்றியைப் பிள்ளையின் உடம்பெல்லாம் தேய்த்துவிட்டுப் பிறகு அதை அறுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பிள்ளை இங்க இல்ல. அவ அப்பன் கையைப் பிடிச்சுக்கிட்டு மேல போயிட்டுப் போயிட்டு வர்றா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா அங்கயே தங்கிடுறா. அவனைத்தான் அங்க நிம்மதியா இருக்கவிடாம பண்ணிட்டாங்களே. யாரோ அவனைக் கணவாயில பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க."

யார் கூப்பிட்டது என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அபென்சியோ மட்டும் கடைக்கு வெளியே போய்ச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்கள் பக்கத்தில் யாராவது ஏரிக்குப் போய்த் திரும்பும்போது கணவாயில் நிற்க வேண்டும். அங்கே பெரிய கல்குவியல் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஏரியைத் திரும்பிப் பார்த்து, கூட வந்த ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, 'வா, வீட்டுக்குப் போகலாம், அங்கேயே தங்கிவிடாதே' என்று கூப்பிட வேண்டும். கெச்சுவாவில்தான் கூப்பிடுவோம், மலைக்கு ஸ்பானியம் புரியாது. கூப்பிடாவிட்டால் உடம்பு மட்டும் வீடு வந்து சேரும், உயிர் அங்கேயே தங்கிவிடும். லிமா ஆட்கள் சிரிப்பார்கள், வீடியோ எடுப்பார்கள். ஆனாலும் தங்கள் பெயர் வரும்போது வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். செத்தவன் பெயரை மட்டும் அங்கே யாரும் கூப்பிட மாட்டோம். மலையில் செத்தவனிடம், 'இங்கேயே இரு, நிம்மதியாக இரு' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வந்துவிடுவான்.

எர்லிந்தா சொன்ன பரிகாரம் இதுதான். பிள்ளையின் தாய்மாமன் கணவாயில் நின்று பிள்ளையைக் கூப்பிட வேண்டும். உயிர் தொப்பிக்குள் வந்ததும் அதை ஒரு பெண் நெஞ்சில் வைத்துச் சுமந்து இறங்க வேண்டும். தொப்பி பிள்ளை தலையில் ஏறும்வரை அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. பின்னால் தாய்மாமன் எல்மெரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

மௌரா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த கிழங்கை வாங்கித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"யோமிராவைக் கூப்பிடுங்க. ஆனா அவரை அங்கயே இருன்னு அண்ணன் சொல்ல வேணாம்."

நான் எடுத்த அடுத்த கிழங்கைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன்.

"என்னடி பேசுற?"

"பொழுது சாஞ்சா வர்றாரு அண்ணி. படுக்கையில என் பக்கத்துல குழி விழுது. சூடு இல்ல. ஆனா குழி விழுது." அவள் கிழங்கைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு அது போதும்."

"பிள்ளை போயிடுவா மௌரா."

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். தெரியும் என்று சொல்லிவிட்டு அந்தக் கிழங்கைத் தோல் கிழியும்வரை தேய்த்தாள். நான் பிடுங்கிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினேன். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

அபென்சியோ மலைக்குப் படைக்கக் கொக்கா இலையும் கரும்புச் சாராயமும் வாங்கிக்கொண்டு வந்தபோது நான் சோளம் வறுத்துக்கொண்டிருந்தேன். அவன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கொழுப்பு தடவினான். தலை வழியாகப் போட்டுக்கொள்கிற கம்பளிப் போஞ்சோக்களை உதறினான். ஆலங்கட்டி மழை வந்தால் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் தாள்களை மடித்து வைத்தான். தலைவிளக்கின் பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்த்தான். அத்தனை வருஷமாக மலைக்குக் கிளம்புகிற முன் மாலைகளில் இந்த வீடு எப்படி இருக்கும் தெரியுமா? எல்மெர் வந்துவிடுவான். அவன் கோவேறு கழுதைக்காரன், பயணிகளின் மூட்டையெல்லாம் அவன் கழுதைகள்தான் சுமக்கும். கழுதைகளைச் சுவரோரம் கட்டிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து, 'அக்கா, உங்க சீஸ்ல பாதி உப்புதான், மலை ஏர்றவன் தண்ணி தண்ணின்னு சாவான்' என்பான். 'நீ திங்காதே தம்பி, ஒருத்தனாவது பிழைச்சுக்கட்டும்' என்பேன் நான். சாப்பாட்டுத் துணிகளையெல்லாம் அவன்தான் முடிச்சுப் போடுவான். அது கழுதைக்காரர்கள் போடுகிற முடிச்சு. எவ்வளவு குலுக்கினாலும் அவிழாது, நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் விட்டுவிடும். நான் எத்தனையோ தடவை கற்றுக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை.

அவனைப் புதைத்த பிறகு முதல் தடவை பயணிகள் வந்தபோது, துணிகளைக் கட்டாமல் மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது எல்லாம் கட்டியிருந்தன.

அந்த முடிச்சு.

அபென்சியோ அப்போது கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. முடிச்சுகளைக் கத்தியால் அறுத்துவிட்டு என் கையால் மறுபடி கட்டினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் மாலையில் அடுப்படியில் கழுதை வேர்வையும் மென்ற கொக்கா இலையும் நாறும். பழகிவிட்டது என்றுகூடச் சொல்வேன். பிள்ளை நோயில் படுத்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அன்றைக்கு இரண்டே துணிகள். அவித்த கிழங்கு, வறுத்த சோளம், சீஸ், மிளகாய். நான் அங்கேயே நின்று, என் கையால், இறுக்கி இறுக்கி முடிச்சுப் போட்டேன். பல்லால் கடித்துக்கூட இழுத்தேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அபென்சியோ உள்ளே வந்து எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கியது.

குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

"நாய் யாரைப் பாக்குது?" என்றேன் மெதுவாக.

நாயின் தலை மெல்லத் திரும்பியது, வாசலிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து மேசைக்கு. வறுத்த சோளத்தின் வாசனைக்கு மேல் அந்த வேர்வை நாற்றம் எழுந்தது. நான் தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன், கண்ணை எடுத்தது அவ்வளவு நேரம்தான்.

மேசையில் இரண்டு மூட்டைகளும் வேறு மாதிரி கட்டியிருந்தன.

அபென்சியோ அதைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியமே இல்லை. அவனும் இத்தனை நாளாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"தொமாசா," என்றான், "நான்தான் அவனை அனுப்பினேன்."

"எதுக்கு?"

"அன்னைக்கு வந்த லிமாக்காரம்மா ஜாக்கெட்டை ஏரிக்கரையில விட்டுட்டு வந்துட்டா. நான் எல்லார்கிட்டயும் என்ன சொன்னேன்? அவனா ஓடினான், நான் வேணாம்னேன்னு. பொய். நான்தான் 'மாப்ள, ஓடிப்போய் எடுத்துட்டு வா'ன்னேன். பனிமூட்டம் இறங்கிட்டிருந்துச்சு. 'மச்சான், தடம் தெரியலையே'ன்னான். அந்தம்மா முன்னாடி எனக்கு வெக்கமாப் போச்சு. 'என்னடா, பொண்டாட்டி பாவாடையைப் பிடிக்காம நடக்க மாட்டியா'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். போயிட்டான்."

அடுப்பில் விறகு சரிந்தது. நாய் மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

"கல் உருண்ட சத்தம் கேட்டுச்சு. அவன் கத்தினதும் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கலை."

"போய்ப் பாக்கலையா நீ?"

"பாக்கலை."

"ஏன்யா?"

"பாத்தா தெரிஞ்சிடுமே." அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். "என்ன சத்தம்னு கேட்டாங்க. மலையில அப்படித்தான் கல்லு உருளும்னு சொல்லிட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன். கணவாயில நின்னு பேர் கூப்பிடுறப்போ அவன் பேர் வந்துச்சு. விட்டேன்னா, அவன் செத்தது எனக்குத் தெரியும்னு ஆயிடும். அதான் கூப்பிட்டேன். 'எல்மெர், வா மாப்ள, வீட்டுக்குப் போகலாம்.' நல்லா உரக்கக் கூப்பிட்டேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு."

எனக்கு அப்போது அந்தப் பிள்ளையின் முகம்தான் கண் முன்னால் நின்றது. பாதி திறந்த கண்கள். மௌராவின் இடுப்புக் கயிறு. இவனுக்கு ஒரு கெட்ட பெயர் வராமல் இருக்க ஒரு குடும்பமே இப்படிக் கிடக்கிறதே என்று ஆத்திரம் வந்தது. கரண்டி கையில் இருந்தது, அதை வீசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அங்க அவனுக்குப் பதிலா நீ கிடந்திருக்கணும்யா," என்றேன்.

அவன் தலையாட்டினான். கோபப்படவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "ஆமா," என்றான். பிறகு எழுந்து மூட்டைகளைப் பைக்குள் வைத்தான். அந்த முடிச்சுகளை அவன் அவிழ்க்கவில்லை, நானும் தொடவில்லை. அன்று அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. படுக்கையில் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

விடிவதற்கு முன் கிளம்பினோம். தலைவிளக்கின் வெளிச்சத்தில் அவன் முன்னால், நான் பின்னால். தைல மரத் தோப்பு வரைக்கும் எனக்கு என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. தோப்பைத் தாண்டிய பிறகு எனக்குப் பின்னால் இன்னொரு நடை கேட்டது. டயர்ச் செருப்பு சரளையில் உராய்கிற சத்தம். ஊரில் கழுதைக்காரர்கள் எல்லாரும் அந்தச் செருப்புதான் போடுகிறார்கள். ஆனால் கழுதைச் சத்தம் கேட்கவில்லை.

நான் நின்றால் அதுவும் நின்றது.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது. நட."

விடிந்த பிறகு அந்தச் சத்தம் இல்லை. வெயில் ஏறியது, கால் கடுத்தது. கல்மேல் உட்கார்ந்து புதினா மாதிரி மணக்கிற முன்யாத் தேநீர் குடித்தோம். அவன் தெர்மாஸ் மூடியில் முதலில் எனக்கு ஊற்றித் தந்தான், எப்போதும் போல. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அதுதான் நேரம். எனக்கு வாய் வரவில்லை. இறங்கி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உச்சி வேளைக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். யானக்கொச்சா கறுப்பாகக் கிடந்தது, காற்று இல்லை. கரையில் பாறை நிழல் விழுகிற இடத்தில் மட்டும் புல்லில் உறைபனி இன்னும் கரையாமல் வெள்ளையாக இருந்தது. அபென்சியோ கொக்கா இலையைத் துணியில் பரப்பினான், சாராயத்தைத் தரையில் ஊற்றினான். நான் தண்ணீர்ப் பக்கம் நடந்தேன்.

உறைபனியில் காலடிகள் இருந்தன.

ஒரு ஜோடி டயர்ச் செருப்பு. பக்கத்தில் ஒரு ஜோடி சின்ன வெறுங்கால்கள், ஐந்து விரலும் தெரிய.

இரண்டும் தண்ணீரை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த அடையாளம் இல்லை. சின்னக் கால்களில் ஒன்று ஒரு இடத்தில் இழுபட்டிருந்தது, பிள்ளை வர மாட்டேன் என்று அடம் பிடித்த மாதிரி. நான் அங்கேயே மண்டியிட்டு அழுதேன். அபென்சியோ வந்து பார்த்தான். அவன் அழவில்லை. அந்தச் சின்னக் காலடி ஒன்றின் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்து அளந்து பார்த்தான்.

"போகலாம்," என்றான். "மூட்டம் வர்றதுக்குள்ள கணவாய்க்குப் போயிடணும்."

மூட்டம் எங்களோடு சேர்ந்தே ஏறியது. கணவாயில் கல்குவியலுக்குப் பக்கத்தில் நின்றபோது கீழே ஏரி தெரியவில்லை, வெள்ளையாக ஒரு பள்ளம்தான் தெரிந்தது. அவன் தொப்பியைக் கையில் வாங்கி, வாய்ப்பக்கம் ஏரியைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டான்.

முதலில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, "யோமிரா," என்று கூப்பிட்டான். "வா கண்ணு. வீட்டுக்குப் போகலாம். அங்க தங்கிடாதே. அம்மா சூப்பு வெச்சிருக்கா. வா யோமிரா."

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். அவன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. பிள்ளை பிறந்த கதை, அது முதலில் சொன்ன வார்த்தை, அது பெயர் வைத்த ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான். நானும் சேர்ந்து கூப்பிட்டேன். என்னால் முடிந்த அளவு உரக்கக் கூப்பிட்டேன்.

மூட்டத்துக்குள் எங்கேயோ சரளை உராய்ந்தது.

தொப்பியின் காதுக் கயிறுகள் காற்றில்லாமல் ஆடின.

அபென்சியோ சட்டென்று தொப்பியின் வாயை மூடி என்னிடம் நீட்டினான். வாங்கினேன். அது சூடாக இருந்தது. தூங்குகிற பிள்ளையின் தலையைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போஞ்சோவுக்குள் நெஞ்சோடு வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன்.

"இறங்கு," என்றான் அவன். "திரும்பாதே. பேசாதே. நான் மாப்ளகிட்ட பேசிட்டு வர்றேன்."

நான் இறங்கினேன். கொஞ்ச தூரம் வரைக்கும் அவன் குரல் கேட்டது. 'மாப்ள' என்றான். அதற்குப் பிறகு என்ன சொன்னான் என்று எனக்குப் புரியவில்லை, அழுதான் என்று மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. வழுக்குப் பாறை தாண்டும்போதுதான் பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவன் என்னை எட்டிப் பிடிக்கவில்லை, எனக்குப் பின்னாலேயே வந்தான். நான் திரும்பவில்லை. அவனும் பேசவில்லை. அதுதானே விதி.

பொழுது சாயும் நேரத்துக்கு மௌரா வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள். நான் நேராகப் போய்த் தொப்பியைப் பிள்ளையின் தலையில் மாட்டினேன், காதுவரைக்கும் இழுத்துவிட்டேன்.

பிள்ளை நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. கண் முழுசாகத் திறந்தது.

"கால் குளுருது அத்தை," என்றது.

மௌரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பிள்ளையின் கால்களை என் மடியில் வைத்துத் தேய்த்தேன். ஈரமாக இருந்தன. கொஞ்ச நேரத்தில் பசிக்குது என்றது. மௌரா ஓடிப்போய் சூப்பு கொண்டுவந்தாள். கோதுமைக் குருணை போட்ட சூப்பு. பிள்ளை கிண்ணத்தைத் தானே பிடித்துக்கொண்டு குடித்தது, மூக்கெல்லாம் சூப்பு. மௌரா அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனதும் அபென்சியோவிடம் நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும், நேற்றுச் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் உள்ளே வரவில்லை. வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தெரியாதவன் மாதிரி பிசைந்துகொண்டிருந்தான்.

யோமிரா கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே வாசலைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா உள்ள வரலையா?"

மௌராவின் கை நின்றது.

"மாமாடி அது," என்றேன் நான். "இருட்டுல தெரியலையா? மாமாதான் உன்னைக் கூட்டிட்டு வந்தாரு."

"மாமா வரலையே அத்தை," என்றாள் பிள்ளை. "மாமா ஏரிக்கிட்ட உக்காந்திருக்காரு."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. கணவாயில் யாரும் தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்ள முடியாது. வழிகாட்டியின் பெயரை வேறொருவர்தான் கடைசியில் கூப்பிட வேண்டும். அபென்சியோவின் பெயரை அத்தனை வருஷமும் எல்மெர்தான் கூப்பிட்டான். இன்றைக்கு அங்கே நான்தான் இருந்தேன். யோமிரா யோமிரா என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். தொப்பி கையில் வந்ததும் இறங்கிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். முந்தின நாள் கோபம் இன்னும் என் வாயை அடைத்திருந்தது என்றும் சொல்லலாம். எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

எழுந்து வாசலுக்குப் போனேன். மௌரா என்னை முந்திக்கொண்டு போகவில்லை, கட்டிலிலேயே பிள்ளையைக் கட்டிப்பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. பயம் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல முடியாது.

"அபென்சியோ," என்றேன்.

திரும்பவில்லை.

"அபென்சியோ, வா. வீட்டுக்குப் போகலாம்." நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். "அங்க தங்கிடாதேய்யா. வா."

படியில் இருந்தவன் மெல்லத் திரும்பினான். என் புருஷனின் முகம். அதே மூக்கு, வெயிலில் வெடித்த அதே உதடு. அவன் எழுந்து, மரியாதையாக ஓர் அடி தள்ளி நின்று, தலையிலிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். உள்ளே கேட்கக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில் பேசினான்.

"நான் கூப்பிட்டேன் அக்கா. நிறையத் தடவை கூப்பிட்டேன். மச்சான்தான், 'நீ போ மாப்ள'ன்னாரு."